ஓபெத்தின் 14 ஆல்பங்கள்: எங்கே தொடங்கி, எப்படிக் கேட்பது

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தைச் சேர்ந்த ஓபெத் இசைக்குழு 1995 முதல் 2024 வரை 14 ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டிருக்கிறது. நீண்ட, சிக்கலான கட்டமைப்பு கொண்ட கனத்த ராக் இசையான புரோகிரெசிவ் மெட்டலில் இவ்வளவு ஆழமும் இவ்வளவு திருப்பங்களும் கொண்ட இன்னொரு குழுவைச் சொல்வது கடினம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் புதிதாகக் கேட்க வருபவருக்கு அந்த ஆழமே தடையாகிவிடுகிறது. பத்து நிமிடப் பாடல் இவர்களிடம் சர்வசாதாரணம். பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி என்ற அமைப்பை எதிர்பார்த்து உட்காருபவருக்கு, ஒருமுறை வந்த மெட்டு அந்தப் பாடலிலேயே திரும்ப வராமல் போவதும், மென்மையான கிட்டார் ஒலி எந்த முன்னறிவிப்பும் இன்றி இடிபோன்ற ஓசையாக மாறுவதும் குழப்பத்தையே தரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஸ்ட்ரீமிங் செயலியில் முதலில் கண்ணில் படும் ஆல்பத்தைத் திறப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது முற்றிலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2002-இல் வந்த 'டெலிவரன்ஸ்' கிடைத்தால், இது உறுமல் குரலும் வேகமான, கனத்த இசையும் கொண்ட டெத் மெட்டல் குழு என்று முடிவு கட்டிவிடுவார். 2011-இல் வந்த 'ஹெரிட்டேஜ்' கிடைத்தால், 1970-களின் ராக் இசையை மீட்டெடுக்கும் குழு என்று நினைப்பார். 2003-இல் வந்த 'டாம்னேஷன்' கிடைத்தாலோ, மெட்டல் என்ற சொல்லை இவர்களோடு ஏன் சேர்க்கிறார்கள் என்று வியப்பார். மூன்றிலும் பாடியவர், பாடல்களைப் பெரும்பாலும் எழுதியவர் ஒருவரே: குழு தொடங்கிய காலத்திலேயே அதில் சேர்ந்து, இந்த 14 ஆல்பங்களிலும் இடம்பெற்றிருக்கும் ஒரே உறுப்பினரான மிக்கேல் ஓகர்ஃபெல்ட். அவரிடம் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல். மற்றொன்று மெல்லிய, துயரம் தோய்ந்த இயல்பான குரல். இந்த இரண்டையும் ஒரே மனிதரின் ஒரே பேச்சாகக் காது ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஓபெத் திறக்கிறது. ஆகவே ஆல்பங்களைக் கேட்கும் வரிசையை ஆண்டுக்கணக்கை வைத்து அமைக்காமல், அந்த இணைப்பை எது எளிதில் உண்டாக்கும் என்பதை வைத்து அமைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்கத் தொடங்கும் முன்

முதலில், பாடல்களை வரிசை கலைத்து ஒலிக்கவிடும் ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள். 'இந்தக் குழுவின் சிறந்த பாடல்கள்' என்று செயலி தானாகத் தொகுத்துத் தரும் பட்டியலையும் ஒதுக்கிவையுங்கள். ஓபெத்தின் ஆல்பங்கள் பாடல்களின் மூட்டையாக அமைந்தவை அல்ல. ஒரு கனத்த பாடலுக்குப் பிறகு ஏன் மின்சாரம் இல்லாத, இரண்டு நிமிட அக்கூஸ்டிக் கிட்டார் துண்டு வருகிறது என்பது அந்த இடத்தில் கேட்டால் மட்டுமே விளங்கும். சில ஆல்பங்களில் ஒரு பாடலின் கடைசி ஒலி அடுத்த பாடலின் முதல் ஒலிக்குள் கரைகிறது. எனவே பாடல்களுக்கு நடுவே மௌனத்தைச் செருகாமல் ஒலிக்கும் வசதி உங்கள் செயலியின் அமைப்புகளில் இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள். ஒரு பாடலை மற்றொன்றோடு மங்கலாகக் கலந்துவிடும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

ஒலியளவைப் பற்றியும் ஒரு சொல். மென்மையான பகுதி சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவைத்தால், அடுத்த நொடியில் முழுக் குழுவும் சேர்ந்து முழங்கும்போது காது நோகும். கனத்த பகுதிக்கு ஏற்ற அளவில் ஒலியை நிறுத்திவைத்துவிட்டு, மென்மையான பகுதிக்காக அறையை அமைதியாக்கிக்கொள்வதே சரி. இரைச்சலான இடத்தில், பயணத்தின் நடுவில், பாதிக் கவனத்தோடு முதன்முறை கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். இந்த இசை பின்னணியில் ஓடுவதற்கு ஏற்றதன்று. பழகிய பிறகு வேண்டுமானால் அப்படிக் கேட்கலாம்.

ஓர் ஆல்பத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள். முதல் முறை எதையும் புரிந்துகொள்ள முயலாமல் முழுவதும் கேளுங்கள். அடுத்தடுத்த முறைகளில் பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓகர்ஃபெல்ட் இயல்பான குரலில் பாடுவது தெளிவாகவே விளங்கும். உறுமலாக வருவதைத்தான் காது சொற்களாகப் பிரிக்கத் தவறும். அச்சிட்ட வரியைக் கண் பின்தொடரும்போது அந்தத் தடை வெகு விரைவில் நீங்கிவிடும்.

முதல் ஆல்பம்: 'டாம்னேஷன்' (2003)

உறுமலே இல்லாத, எட்டுப் பாடல்கள் கொண்ட, சுமார் 43 நிமிட ஆல்பம் இது. முதல் பாடலான 'விண்டோபேன்' தொடங்கியவுடன் கிட்டாரின் ஒரு சுழலும் மெட்டு உங்களைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆங்கில ராக் குழுக்கள் பயன்படுத்திய மெலோட்ரான் என்ற கீபோர்டு, மங்கிய வயலின்கூட்டம் போல இந்த ஆல்பம் நெடுகிலும் பின்னால் நிற்கிறது. ஆங்கில ராக் குழுவான போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன் இதன் தயாரிப்பில் பங்கெடுத்ததோடு கீபோர்டுகளையும் வாசித்திருக்கிறார். 'டெத் விஸ்பர்ட் எ லல்லபை' பாடலின் வரிகளும் அவருடையவை.

அழகான, சோகமான, இரவுக்குரிய இசை என்று இதை அனுபவித்துவிட்டுப் போவதில் தவறில்லை. ஆனால் ஓபெத்துக்குள் நுழைவதற்காக இதைக் கேட்பவர் கூடுதலாக மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிரகாசமாக ஒலிக்கும் மேஜர், சோகமாக ஒலிக்கும் மைனர் ஆகிய சுரவரிசைகளுக்கு இடையே ஒரே ஒரு சுரத்தை மாற்றி, எதிர்பாராத நிழலை உண்டாக்கும் ஓகர்ஃபெல்ட்டின் பழக்கம். இரண்டு, டிரம்ஸ் வாசிக்கும் மார்ட்டின் லோபெஸின் கை: மிகச் சாதாரணமாகத் தோன்றும் தாளத்திலும் சிம்பலை எங்கே தொடுவது, எங்கே விட்டுவிடுவது என்பதில் அவருக்கு ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று, பாடல்கள் முடியும் விதம். 'குளோஷர்' ஒரே தாளச்சுற்றில் சுழன்றுகொண்டே போய், கத்தரித்தாற்போல் நின்றுவிடும். அதை முதன்முறை கேட்பவர் கோப்பில் ஏதோ கோளாறு என்று நினைப்பார். அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மூன்றும் கனத்த ஆல்பங்களிலும் அப்படியே இருக்கின்றன. மின்கிட்டாரின் இரைச்சலுக்கு அடியில் அவற்றை அடையாளம் காண்பதுதான் அடுத்த வேலை.

உறுமலோடு பழகுதல்: 'பிளாக்வாட்டர் பார்க்' (2001)

குரௌல் என்று மெட்டல் ரசிகர்கள் சொல்லும் உறுமலைக் கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுவது எனக்குப் புரிகிறது. கோபத்தில் கத்துவதாகவே அது முதலில் தோன்றும். உண்மையில் அது பயிற்சியால் அமைவது: இயல்பான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் தசை மடிப்புகளையும் அதிரச் செய்து, மூச்சை அடிவயிற்றிலிருந்து கட்டுப்பாட்டோடு வெளியேற்றி உண்டாக்கும் ஒலி. அதில் மெட்டு இல்லாததால், தாளமும் ஒலிநிறமும் முன்னுக்கு வருகின்றன. மெட்டை எதிர்பார்த்துக் கேட்காமல், டிரம்ஸோடும் கிட்டாரோடும் சேர்ந்த இன்னொரு தாளக்கருவியாக அதைக் கேட்கத் தொடங்கினால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். மீதியைக் கரைப்பதற்கு ஒரு பாடல் இருக்கிறது.

'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தின் நான்காவது பாடலான 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' ஏறக்குறைய 11 நிமிடம் ஓடுவது. ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் முன் இந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்வதற்கு நான் விதிவிலக்கு அளிக்கிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரோடு தொடங்கி, அதன்மேல் மின்கிட்டாரின் நீண்ட, அழுவதுபோன்ற மெட்டு ஒன்று படிகிறது. பிறகு ஓகர்ஃபெல்ட்டின் இயல்பான குரல், தூரத்திலிருந்து வருவதுபோல, நிதானமாக வருகிறது. ஏறத்தாழ பாதிப் பாடல் வரை அந்தக் குரல்தான். கேட்பவர் அந்தத் துயரத்துக்குள் நன்றாக அமர்ந்துவிட்ட பிறகே இசை இறுகி, உறுமல் எழுகிறது. இதுவரை அடக்கிவைத்த ஒன்று அடக்க முடியாமல் வெளியேறுவதாக அது அப்போது கேட்கும். அந்நியக் குரலாகத் தோன்றாது. சிக்கலான தாளங்கள் வழியே அலைந்துவிட்டு, இறுதியில் தொடக்கத்தின் மெட்டு மீண்டும் வருகிறது. ஆனால் நடுவில் நிகழ்ந்ததால் அதே சுரங்கள் இப்போது வேறு கனத்தோடு விழுகின்றன. ஓபெத்தில் உறுமல் எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது.

இந்தப் பாடல் பிடிபட்ட பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து கேளுங்கள். ஸ்டீவன் வில்சன் இவர்களோடு முதன்முதலாகப் பணியாற்றியது இதில்தான். 'டாம்னேஷன்' ஆல்பத்தில் இருந்த அதே நான்கு பேர்தான் இங்கேயும் வாசிக்கிறார்கள். ஆகவே இந்த இரைச்சலுக்கு நடுவிலும் தெரிந்த முகங்கள் தென்படும். 'தி லெப்பர் அஃபினிட்டி' பத்து நிமிடம் கொந்தளித்துவிட்டுத் தனிப் பியானோவில் அடங்குவதைக் கவனியுங்கள். 'ப்ளீக்' பாடலில் உறுமலுக்கு மறுமொழியாக வரும் இயல்பான குரல் பகுதிகளில் வில்சனின் குரலும் இருக்கிறது. 'ஹார்வெஸ்ட்' முழுக்க அக்கூஸ்டிக் கிட்டாரை அடித்தளமாகக் கொண்டது. 'டாம்னேஷன்' ஆல்பத்தின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். கடைசியில் 12 நிமிடத் தலைப்புப் பாடல் இந்தக் குழுவின் மிகக் கனத்த, மிக இருண்ட படைப்புகளுள் ஒன்று. அதை முதல் வாரத்திலேயே விரும்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரு பக்கமும் விரிதல்

இங்கிருந்து 2005-இன் 'கோஸ்ட் ரெவரிஸ்' ஆல்பத்துக்குப் போகலாம், அல்லது 1999-இன் 'ஸ்டில் லைஃப்' ஆல்பத்துக்குப் பின்னோக்கிச் செல்லலாம். நான் முதலாவதைத்தான் பரிந்துரைப்பேன். கீபோர்டு வாசிப்பவரான பெர் விபெர்க் நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்த முதல் ஆல்பம் அது. அதனால் கனத்த பகுதிகளுக்குள்ளேயே மெலோட்ரானும் ஆர்கனும் நுழைந்து, 'டாம்னேஷன்', 'பிளாக்வாட்டர் பார்க்' ஆகிய இரண்டின் உலகங்களும் ஒரே பாடலுக்குள் கலந்துவிடுகின்றன. முதல் பாடலான 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' சில நொடிகள் மெதுவான கிட்டார் சுரங்களைத் தந்துவிட்டு, மூச்சுவிட இடம் தராமல் உறுமலோடு பாய்கிறது. பிறகு அந்தப் பத்து நிமிடங்களுக்குள் எத்தனை முறை மனநிலை மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் எந்தக் கருவி முதலில் கதவைத் திறக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். ஓபெத்தின் மொத்தக் கலையையும் ஒரே பாடலில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் எடுத்துவைப்பேன். 'ஹவர்ஸ் ஆஃப் வெல்த்', 'ஐசோலேஷன் இயர்ஸ்' ஆகிய இரண்டும் உறுமலற்றவை. பின்னது ஆல்பத்தை மிக எளிமையாக, நான்கு நிமிடத்துக்குள் முடித்துவைக்கிறது.

'ஸ்டில் லைஃப்' ஒரு முழுக் கதை. ஊராரின் மதநம்பிக்கையை ஏற்காததால் விரட்டப்பட்ட ஒருவன், பல ஆண்டுகள் கழித்து, தன் காதலி மெலிண்டாவைத் தேடி அதே ஊருக்குத் திரும்புகிறான். ஏழு பாடல்களிலும் அந்தக் கதையே தொடர்கிறது. எனவே இந்த ஆல்பத்துக்கு மட்டும் பாடல்வரிகளை இரண்டாம் முறை வரை ஒத்திப்போடாமல் முதல் முறையே கையில் எடுங்கள். உறுமல் அவனுடைய சினத்துக்கும், இயல்பான குரல் அவனுடைய ஏக்கத்துக்கும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது வரிகளோடு கேட்டால்தான் விளங்கும். 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா' அந்தக் கதையின் உயிர்நாடி: ஜாஸ் இசையைப் போன்ற மென்மையான டிரம்ஸோடும், வழுக்கிச் செல்லும் பாஸ் கிட்டாரோடும் தொடங்கி, மின்கிட்டார்கள் நுழைந்து கனத்த பிறகும் இயல்பான குரலிலேயே நிலைக்கிறது. கனம் என்பது உறுமலில் மட்டும் இல்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று. பலரும் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தையே இவர்களின் சிகரம் என்பார்கள். என்னைக் கேட்டால் 'ஸ்டில் லைஃப்' அதற்கு ஒரு படி மேலே நிற்கிறது. ஒலிப்பதிவின் மெருகில் வேண்டுமானால் அது பின்தங்கியிருக்கலாம். கட்டமைப்பின் இறுக்கத்தில் அன்று.

1998-இன் 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்' இதே கதைசொல்லும் முறையின் முதல் முயற்சி. இறந்துபோன ஒருவன் ஆவியாக நின்று தன் காதலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு பாடலின் வரிகளிலும் கடைசியாக வரும் சொல் அடுத்த பாடலின் தலைப்பாக அமைந்திருக்கிறது. வரிகளைக் கண்ணால் பார்த்தாலன்றி இந்தச் சங்கிலி பிடிபடாது. டிரம்ஸில் மார்ட்டின் லோபெஸ் அறிமுகமானது இந்த ஆல்பத்தில்தான். இன்றுவரை குழுவில் இருக்கும் பாஸ் கலைஞர் மார்ட்டின் மெண்டெஸ் சேர்ந்துவிட்டபோதிலும், பாடல்களைக் கற்றுக்கொள்ள நேரம் போதாமையால் பாஸ் பகுதிகளை ஓகர்ஃபெல்ட்டே வாசித்தார். ஒலி முரட்டுத்தனமாகவும் இருட்டாகவும் இருக்கும். 'பிளாக்வாட்டர் பார்க்', 'கோஸ்ட் ரெவரிஸ்', 'ஸ்டில் லைஃப்' ஆகிய மூன்றும் பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

'டெலிவரன்ஸ்' இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. 'டாம்னேஷன்' ஆல்பத்தோடு சேர்த்தே இது உருவாக்கப்பட்டது. மென்மையான பாடல்களைத் தனியே ஓர் ஆல்பமாகவும், கனத்தவற்றைத் தனியே ஓர் ஆல்பமாகவும் பிரித்து, சில மாத இடைவெளியில் வெளியிட்டார்கள். 2015-இல் இரண்டும் புதிய ஒலிக்கலவையோடு ஒரே தொகுப்பாகவும் வந்தன. இவற்றை அடுத்தடுத்த நாட்களில் கேட்பது மிகப் பயனுள்ள பயிற்சி. 'டெலிவரன்ஸ்' தலைப்புப் பாடலின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். கிட்டார்களும் டிரம்ஸும் ஒன்றாகச் சேர்ந்து, வெட்டி வெட்டி அடிக்கும் ஒரே தாளக்கட்டு அங்கே சுற்றிச் சுற்றி வருகிறது. குரல் இல்லை, மெட்டு என்று சொல்லத்தக்கதும் இல்லை. அடிகளுக்கு நடுவே விழும் மௌனங்கள்தான் அதன் சுவை. முதலில் எண்ண முயன்று தோற்பீர்கள்; எண்ணுவதை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். சிறிது நேரத்தில் உடல் தானாகவே அந்தச் சுற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்துக்குப் பிறகு இந்த இசையின் தாளச்சிக்கல்கள் உங்களை அச்சுறுத்தமாட்டா.

2008: திருப்பம்

'வாட்டர்ஷெட்' என்ற ஆல்பத்தில் குழுவின் ஐவரில் இருவர் புதியவர்கள். கிட்டாரில் பீட்டர் லிண்ட்கிரென் இருந்த இடத்துக்கு ஃபிரெட்ரிக் ஓகெசன் வருகிறார். டிரம்ஸில் மார்ட்டின் ஆக்ஸென்ராட். 'தி லோட்டஸ் ஈட்டர்' பாடலில் மிக வேகமான டெத் மெட்டல் டிரம்ஸின்மேல் இயல்பான குரல் பாடுகிறது. உறுமலும் அதுவும் வரிக்கு வரி இடம் மாற்றிக்கொள்கின்றன. இரண்டு குரல்களும் இதைவிட நெருங்கி வந்ததில்லை. 'பர்டன்' முழுக்க முழுக்க 1970-களின் பாணியில் அமைந்த உருக்கப்பாடல். அதன் இறுதியில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார்கள். மெட்டு தன் வடிவத்தை இழக்காமல் சுருதியை மட்டும் இழந்து குலைகிறது. ஒரு குறிப்பிட்ட அழகு இனி வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்ததைப் போல எனக்கு அது கேட்கிறது.

அடுத்து வந்த நான்கு ஆல்பங்களில் உறுமல் இல்லை. 'ஹெரிட்டேஜ்' (2011), 'பேல் கம்யூனியன்' (2014), 'சார்சரஸ்' (2016), 'இன் கௌடா வெனெனும்' (2019) ஆகிய இவற்றைப் பழைய ரசிகர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைப் படித்துவிட்டு இவற்றைக் கேட்காமல் விடுவது பெரிய இழப்பு. ஆனால் வெளியான வரிசையில் கேட்க வேண்டாம். 'ஹெரிட்டேஜ்' சிதறலான, வேண்டுமென்றே இடைவெளிகள் விட்ட ஆல்பம். அதை முதலில் எடுத்தால் மனம் சலித்துவிடக்கூடும். 'பேல் கம்யூனியன்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். கூட்டுக்குரல்கள் நன்கு வளர்ந்து, மெட்டுகள் தெளிவாக, கீபோர்டில் புதிதாக வந்த யோவாகிம் ஸ்வால்பெர்கின் கை நன்றாகப் படிந்திருக்கும். இத்தாலியக் குழுவான காப்ளினுக்கு வணக்கம் செலுத்தும் 'காப்ளின்' என்ற வாத்தியப் பாடலும், வயலின்கள் சூழ முடிகிற 'ஃபெய்த் இன் அதர்ஸ்' பாடலும் இதில் இருக்கின்றன. இவை எங்கிருந்து வருகின்றன என்று அறிய விரும்பினால் கேமல், கிங் கிரிம்சன் ஆகிய பழைய ஆங்கிலக் குழுக்களைப் போகிற போக்கில் கேட்டுவையுங்கள். ஓகர்ஃபெல்ட் அந்தக் காலத்து இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்.

'இன் கௌடா வெனெனும்' ஸ்வீடிய மொழியிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு வடிவங்களில் வந்தது. முதலில் எழுதப்பட்டது ஸ்வீடிய வடிவமே. ஆங்கிலம் புரிகிறது என்பதற்காக ஆங்கில வடிவத்தை எடுக்கத் தோன்றும். நான் ஸ்வீடிய வடிவத்தையே சொல்வேன்: தாய்மொழியில் பாடும்போது ஓகர்ஃபெல்ட்டின் குரலில் ஒரு தளர்வும் நெருக்கமும் வருகின்றன, சொற்களின் அசைகள் மெட்டோடு உரசாமல் நழுவுகின்றன. பொருள் வேண்டும்போது ஆங்கில வடிவத்தின் வரிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 'சார்சரஸ்' இந்த நான்கில் எனக்குச் சற்று மெலிந்ததாகத் தோன்றுகிறது. 'தி வைல்ட் ஃப்ளவர்ஸ்', 'எரா' ஆகியவற்றுக்காக ஒருமுறை கேட்கத் தகுந்தது.

2024 நவம்பரில் வந்த 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் உறுமல் திரும்பியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். இறந்துபோன செல்வந்தக் குடும்பத்தலைவர் ஒருவரின் உயில் வாசிக்கப்படுகிறது. அதில் குடும்ப ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. முதல் ஏழு பாடல்களுக்குப் பெயர் கிடையாது, சட்ட ஆவணத்தின் பத்திகளைப் போல எண்கள் மட்டுமே. கடைசிப் பாடலுக்குத்தான் தலைப்பு உண்டு, அது ஏன் என்பதைக் கதையே சொல்லும். பழைய ஆங்கில ராக் குழுவான ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் சில இடங்களில் புல்லாங்குழல் வாசித்து, உரையும் பேசியிருக்கிறார். டிரம்ஸில் வால்டெரி வேய்ரினென் புதியவர். இதை அவசரப்பட்டு முன்பே கேட்டுவிட வேண்டாம். உறுமல் இங்கே இறந்தவரின் அதிகாரத் தொனியாகப் பயன்படுகிறது. இயல்பான குரலும் கூட்டுக்குரல்களும் இடையிலான நான்கு ஆல்பங்களில் கற்றவை. இரண்டு காலங்களையும் அறிந்தவருக்கே இந்தச் சேர்க்கையின் முழுச் சுவையும் கிடைக்கும்.

முதல் இரண்டு ஆல்பங்கள்

'ஆர்க்கிட்' (1995), 'மார்னிங்ரைஸ்' (1996) ஆகியவற்றை நான் கடைசிக்கு ஒதுக்கியதற்கு அவை குறைந்தவை என்பது காரணமில்லை. 'மார்னிங்ரைஸ்' ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் அதில் இருப்பவை ஐந்தே பாடல்கள். அவற்றுள் 'பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்' 20 நிமிடத்தைத் தாண்டும். இவர்கள் எழுதியவற்றில் மிக நீளமானது அதுவே. இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டே போகும் மெட்டுகள், ஜொஹான் டிஃபர்ஃபாலாவின் துள்ளும் பாஸ், ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் போடாமல் தாவிவிடும் இளமைத் துணிச்சல் ஆகியவை பின்னாளில் இவர்களிடம் மறைந்துபோயின. இங்கே பாடல்கள் வளராமல், பகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்வந்த ஆல்பங்களின் கட்டமைப்பை அறிந்த காது இந்த அடுக்குமுறையின் அழகைத் தனியே பிரித்து ரசிக்கும். அறியாத காது வழி தவறிவிடும்.

விதிவிலக்குகள் இரண்டு. டெத் மெட்டலில் ஏற்கெனவே ஊறியவர் 'டாம்னேஷன்' ஆல்பத்தைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, நேராக 'பிளாக்வாட்டர் பார்க்' அல்லது 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்' ஆல்பத்தில் தொடங்கலாம். பழைய புரோகிரெசிவ் ராக் கேட்டு வளர்ந்தவருக்கு 'பேல் கம்யூனியன்' நல்ல வாசல். அங்கிருந்து 'டாம்னேஷன்', பிறகு மேற்சொன்ன வரிசை.

மேடைப் பதிவுகள்

ஸ்டுடியோ ஆல்பங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். லண்டனில் பதிவுசெய்த 'லாமெண்டேஷன்ஸ்' (2003) காணொளியில் முதல் பாதி பெரும்பாலும் 'டாம்னேஷன்' பாடல்கள். இரண்டாம் பாதி கனத்தவை. அதே மேடையில், அதே இரவில், அதே மனிதர் ஒரு குரலை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பதைக் கண்ணால் பார்ப்பது நூறு விளக்கங்களுக்குச் சமம். உறுமலோடு இன்னும் ஒத்துப்போகாத நண்பருக்கு நான் இதைத்தான் காட்டச் சொல்வேன்.

குழுவின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2010-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவை, 2008 வரையிலான ஆல்பங்கள் அனைத்தும் ஒருமுறை காதில் விழுந்த பிறகு எடுங்கள். முதலில் 'பிளாக்வாட்டர் பார்க்' முழுவதையும் வாசிக்கிறார்கள். அடுத்து, மீதமுள்ள ஆல்பங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடலாக, 'ஆர்க்கிட்' தொடங்கி 'வாட்டர்ஷெட்' வரை ஆண்டு வரிசையில் வாசிக்கிறார்கள். தொடக்கத்தில் நான் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆண்டு வரிசைக்கு இப்போது நேரம் வந்துவிட்டது. அந்த எட்டுப் பாடல்களுக்குள் ஒரு குழு வளர்ந்த விதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

2008-க்குப் பிந்தைய காலத்துக்கு, அமெரிக்காவின் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் 2017-இல் பதிவாகி 2018-இல் வந்த 'கார்டன் ஆஃப் தி டைட்டன்ஸ்' இருக்கிறது. 'சார்சரஸ்', 'கஸ்ப் ஆஃப் எடர்னிட்டி' போன்ற புதிய பாடல்களுக்கு நடுவே 'டீமன் ஆஃப் தி ஃபால்', 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' ஆகியவை முழு உறுமலோடு வருகின்றன; இறுதியில் 'டெலிவரன்ஸ்'. ஸ்டுடியோவில் உறுமலைக் கைவிட்டிருந்த அந்த ஆண்டுகளிலும் ஓகர்ஃபெல்ட் மேடையில் அதை விட்டுவிடவில்லை என்பதை இந்தப் பதிவு காட்டுகிறது. 2024 ஆல்பத்தைக் கேட்பதற்கு முந்தைய நாள் இதைக் கேட்டால், அந்தக் குரல் திரும்பியது திடீரென நிகழ்ந்ததாகத் தோன்றாது.